பட்டாளத்தார் நோட்டு: சென்னையிலிருந்து உதகை வரை ஒரு டிசம்பர்ப் பயணம்

டிசம்பர் 5, 2024, வியாழன். நந்தம்பாக்கம்

வர்த்தக மையத்துக்குக் கண்காட்சி பார்க்க வருகிறவர்கள் பலரும் மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். இறங்கி உள்ளே போகிறவர்கள் குறைவு. இன்று காலை நான் இருந்தவரை வேறு யாரும் வரவில்லை.

1952இல் அமைத்த இடம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர்க் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 856 பேர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல்லில் வேறுபாடு வைக்கவில்லை. பெயர், படை எண், பிரிவு, இறந்த தேதி, வயது. சில கற்களின் அடியில் வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. 19, 21, 22 என்று வயதைப் படித்துக்கொண்டே போனபோது என் நடை தானாகவே தளர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் பல மூலைகளில் இறந்து, கல்லறையைப் பராமரிக்க வழியில்லாமல் போனவர்களுக்காக இங்கேயே தனியாக ஒரு நினைவுச் சின்னமும் உண்டு. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

ஒரு பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி, அந்த எழுத்து அழியாமல் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு, பணம், தோட்டக்காரர்கள் எல்லாம் தேவைப்படுகிறது. இங்கே அவை எல்லாம் இருக்கின்றன. நம் ஊர்ப் பட்டாளத்தார்களின் பெயர்களை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். நாளை மறுநாள் கொடி நாள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி முப்படையினர் நலனுக்காக நாடு முழுவதும் நிதி திரட்டுகிறோம். அன்று வேலூர்ப் பக்கம் ஒரு பட்டாளத்து ஊரில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாலையில் தீவுத்திடல் அருகே போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுப்பியது, பிறகு வந்த போர்களில் இறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். இரவு காட்பாடிக்கு ரயில்.

டிசம்பர் 6, வெள்ளி. வேலூர்

பெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் இன்னும் மீளவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் போய்விட்டார்கள். வேலூரில் வானம் வெளுத்திருந்தாலும் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான்.

என் நண்பரின் மாமனார் என்னைக் கோட்டை வாசலில் சந்தித்தார். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து பென்சன் வந்தவர். அவர் பெயரை எழுத வேண்டாம் என்றார். ஊரில் எல்லோரும் ஹவில்தார் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண். 1806 ஜூலை 10, பொழுது விடியும் முன்பு நடந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிராடாக் புதிய உத்தரவு போட்டிருந்தார்: அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். எதிர்த்தவர்களுக்குக் கசையடி. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் சிறை இருந்தார்கள். சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின் அந்த ஒரு பகலுக்குள் எல்லாம் முடிந்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கும் மேல் இறந்தார்கள், சிப்பாய்கள் அதைப்போல் சில மடங்கு. கலகத்தில் சேர்ந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. கிராடாக்கையும் ஆளுநர் பென்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. 1857க்கு 51 ஆண்டுகள் முந்தைய கதை இது.

அங்கிருந்து நடந்து லாங்கு பஜார். வண்டி இரைச்சலும் வெங்காய மூட்டையுமாக இருக்கும் அந்தத் தெருவில் ஒரு மணிக்கூண்டு. அதில் பதித்த கல்லை ஹவில்தார் காட்டினார். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

"பேரு இல்ல பாருங்க சார். நம்பர் மட்டும்தான்," என்றார்.

நேற்று நந்தம்பாக்கத்தில் பார்த்த கற்கள் கண்முன் வந்தன. இங்கிருந்து போன 14 பேரும் அதே பேரரசின் சீருடையில் இறந்தவர்கள்தான். ஊர்க்கல்லில் அவர்கள் ஓர் எண்ணாக நிற்கிறார்கள்.

எனக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. கம்பெனிப் படையை எதிர்த்துச் செத்தவர்களுக்கு ஒரு தூண், அதற்கு நூறாண்டு கழித்து ஆங்கிலேய அரசருக்காகப் போய்ச் செத்தவர்களுக்கு ஒரு கல், இரண்டும் நடந்துபோகும் தூரத்தில். ஹவில்தாருக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை. "அவங்க மானத்துக்காக நின்னாங்க. இவங்க குடும்பம் சாப்பிடணும்னு போனாங்க, போன எடத்துல வேலையை ஒழுங்கா செஞ்சாங்க. ரெண்டு பேரும் நம்ம பசங்கதானே சார்." இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். பஜாரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7, சனி. கம்மவான்பேட்டை

கொடி நாள். ஆரணி சாலையில் கணியம்பாடி வந்து உள்ளே பிரிந்தால் கம்மவான்பேட்டை. சுற்று வட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றால்தான் சட்டென்று தெரிகிறது. தாத்தா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். முதல் உலகப் போரில் தொடங்கிய வழக்கம். என் கொள்ளுத்தாத்தா பஸ்ராவுக்குப் போனவர் என்று டீக்கடையில் ஒருவர் சாதாரணமாகச் சொல்கிறார். பஸ்ரா எந்த நாட்டில் இருக்கிறது என்று அவர் பக்கத்தில் இருந்த சிறுவன் சரியாகச் சொன்னான்.

விடியற்காலை ஐந்து மணிக்கே ஹவில்தார் என்னை எழுப்பி மைதானத்துக்கு அழைத்துப் போனார். இருட்டில் இருபது முப்பது பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பென்சன் வந்த மூன்று பேர் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நின்றார்கள். ஆட்சேர்ப்புத் தேர்வில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழுதாக 60 மதிப்பெண், கம்பியில் பத்து முறை ஏறினால் 40. பிறகு ஒன்பதடிப் பள்ளம் தாண்ட வேண்டும், வளைந்த கட்டையில் தடுமாறாமல் நடக்க வேண்டும். இதெல்லாம் கற்றுக்கொடுக்க இவர்கள் காசு வாங்குவதில்லை. வெளியூரிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். முதலில் இணையவழி எழுத்துத் தேர்வு வந்துவிட்டதால், ஓட்டம் முடிந்ததும் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கும் பொது அறிவும் நடக்கிறது.

2022இல் அக்னிபத் ஆட்சேர்ப்புத் திட்டம் வந்தபின் பணிக்காலம் நான்கு வருடம். அது முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குப் பென்சன் இல்லை. இந்த ஊரில் அதைப் பற்றிக் கவலை இல்லாத வீடு இல்லை. ஹவில்தார் திட்டத்தைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. "திரும்பி வர்ற பையனுக்கு 22, 23 வயசுதான் இருக்கும். அவன் கையில ஒரு டிகிரியோ டிப்ளமோவோ இருக்கணும். அதுக்கு இப்பவே அவன் பேரை எழுதிவச்சாதான் நாளைக்கி நான் துரத்த முடியும்," என்றார். எழுதிவைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் படை எண்ணும் பெயரும். அதற்குள் துணியில் சுற்றிய நீள நோட்டு. பழைய கணக்கு நோட்டு, காலிகோ பைண்டிங். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பட்டியல். பெயர், தகப்பனார் பெயர், படை எண், பிரிவு, சேர்ந்த வருடம், வந்த வருடம். இறந்திருந்தால் தேதி, இடம். அவருக்கு முன்னால் ஒரு சுபேதார் எழுதியதாம், அவர் கண்பார்வை போனதும் இவரிடம் கொடுத்தார். முதல் பக்கங்களில் இருப்பவை பாட்டிகள் வாய்வழி சொன்ன பெயர்கள். அவற்றில் பலவற்றுக்குப் படை எண் கட்டம் காலியாகவே இருக்கிறது. "தெரியாததை எழுதக் கூடாது சார். காலியா விட்டுட்டா பின்னாடி யாராவது கண்டுபிடிச்சு எழுதுவாங்க."

நான் அதை ஒரு நினைவுப் புத்தகம் என்று எண்ணித்தான் புரட்டினேன். நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு பட்டியல். விதவைகள், வயதான பென்சன்தாரர்கள். யாருக்கு வாழ்நாள் சான்று எந்தத் தேதியில் கொடுத்தாயிற்று, யாருக்கு இசிஎச்எஸ் மருத்துவ அட்டை வரவில்லை, யாருடைய மகளுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போய்விட்டது, யாருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது. முன்பக்கத்துப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஓர் எண், அது பின்பக்கத்தில் அவர் மனைவியின் வரிசை எண். இறந்தவரை நினைப்பதும் இருப்பவருக்கு உழைப்பதும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

பத்து மணிக்கு அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா. கணவர் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து பென்சன் வந்தவர், சென்ற ஆண்டு காலமானார். குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. காரணம், கணவரின் பணிப் பதிவேட்டில் இவர் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கிறது, ஆதாரில் இல்லை. பிறந்த வருடமும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். ஐம்பது வருடத்துக்கு முன் கல்யாணம் ஆன கையோடு யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது, இன்று இந்த அம்மாவின் ரேஷன் செலவை நிறுத்தி வைத்திருக்கிறது. இப்போது பென்சன் வேலையெல்லாம் ஸ்பர்ஷ் இணையதளத்தில். வயலில் உழைத்துத் தேய்ந்த விரல் ரேகையைக் கருவி பல நேரம் எடுப்பதில்லை.

ஹவில்தார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிஸ்சார்ஜ் புக்கை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நோட்டரி கையெழுத்து, கிராம நிர்வாக அலுவலர் சான்று, புகைப்படம், வங்கிப் புத்தக நகல். எல்லாவற்றையும் அடுக்கி உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸ் குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது. "தபால்லயும் அனுப்பலாம். நீங்கதான் அங்க போறீங்களே, குன்னூர்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு, அவர் கையில குடுத்துடுங்க. நேர்ல போனா குறை இருக்கா இல்லையான்னு அங்கயே சொல்லிடுவாங்க."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போ கண்ணு, தொலைச்சிடாத," என்றார். அந்த உறை இப்போது என் தலையணைக்குக் கீழ் இருக்கிறது.

மதியம் ஹவில்தார் வீட்டில் கேழ்வரகுக் களி, முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் மினி லாரி வந்து நின்றது. பென்சன்தாரர்கள் சேர்ந்து வாங்கிய அரிசி, பாய், போர்வை, பால் பவுடர், மெழுகுவர்த்தி எல்லாம் விழுப்புரம் பக்கம் போகின்றன. யார் என்ன தூக்குவது, எந்த மூட்டை கீழே, எது மேலே என்று யாரும் கத்தவில்லை. வரிசையில் நின்று கைமாற்றினார்கள். தார்ப்பாய் கட்டியதைப் பார்த்தேன், அவ்வளவு இறுக்கமாக யாரும் கட்டிப் பார்த்ததில்லை. சென்ற ஞாயிறு புதுச்சேரியில் ராணுவம் வெள்ளத்தில் இறங்கி மக்களை மீட்ட படங்களைச் செல்பேசியில் ஒருவர் காட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமை, தன் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கியது போலிருந்தது.

லாரி போனபின் திண்ணையில் உட்கார்ந்து, அவர் யாழ்ப்பாணத்தில் இருந்ததைப் பற்றிக் கேட்டேன். 1987இல் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனபோது வயது 21.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க தமிழ்ல பேசுனோம் சார். அவங்களும் தமிழ்ல பேசுனாங்க," என்றார். அதற்கு மேல் போகவில்லை.

நான் அவரை வற்புறுத்தவில்லை. 1987 முதல் 1990 வரை அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் இந்தியப் படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த மக்களின் துயரத்தை மறைத்துவிட்டு இந்தச் சிப்பாய்களைக் கொண்டாட என்னால் முடியாது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன 21 வயதுப் பையனை மறந்துவிடவும் முடியாது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்பில் மாநில முதல்வர் கலந்துகொள்ளவில்லை. அதற்கு அவருக்கு வலுவான காரணம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கும் அந்த நாள் மறக்கவில்லை.

நோட்டில் அந்த வருடங்களின் பக்கத்தை ஹவில்தார் தானாகவே எடுத்துக் காட்டினார். தன் கூட்டாளி ஒருவரின் பெயர் மேல் விரலை வைத்தார். இடம் என்ற கட்டத்தில் ஊர்ப்பெயர் மட்டும்: யாழ்ப்பாணம். அந்தக் குடும்பத்துக்கு இப்போதும் மாதம் ஒருமுறை போய்வருகிறாராம். கூட்டாளியின் பேத்திக்குப் பள்ளிச் சேர்க்கை வாங்கிக் கொடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் பழையபடி ஆனது.

இரவு காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ். பிளாட்பாரம் வரை வந்து வழியனுப்பினார். உறை பத்திரமா என்று இரண்டு முறை கேட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு. நஞ்சப்பச்சத்திரம்

மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ் பிடித்து, பர்லியாறு கடந்து குன்னூர். மலை முழுக்க மூடுபனி. பட்டாளத்தில் ஹவில்தாரோடு ஒரே கம்பெனியில் இருந்த நாயக் ஒருவர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன், இப்போது வாடகை ஜீப் ஓட்டுகிறார். உறையை வாங்கிப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "நாளைக்கி திங்கள், ஆபீஸ் தொறந்ததும் போயிடலாம். இன்னைக்கி வாங்க, காட்டேரிப் பக்கம் நஞ்சப்பச்சத்திரம் போகணும்," என்றார்.

2021ஆம் ஆண்டு இதே டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் போய்க்கொண்டிருந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் நண்பகல் தாண்டியதும் இந்த நஞ்சப்பச்சத்திரத்தின் மரங்களுக்கு நடுவே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். பதின்மூன்று பேர் அன்றே போனார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து விமானி திசையறிய முடியாமல் போனதே காரணம் என்று விசாரணை சொன்னது. இன்றைக்கு இருக்கும் மூடுபனியைப் பார்த்தால் அது எப்படி நடந்திருக்கும் என்று விளங்குகிறது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை.

தோட்ட வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களின் சிறிய குடியிருப்பு. முதலில் ஓடிவந்தவர்கள் இவர்கள்தான். பாதை கிடையாது, தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாததால் தங்கள் வீட்டுப் போர்வைகளையும் கம்பளிகளையும் கொண்டுவந்து அதில் வைத்துத் தூக்கினார்கள். மலைக்குளிரில் ஒரு கம்பளி என்பது என்ன விலை என்று இங்கே ஓர் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும்.

ராணுவம் அதை மறக்கவில்லை. அடுத்த வாரமே தென்பிராந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் அருண் இந்தக் குடியிருப்புக்கு வந்தார். கம்பளி, உணவுப் பொருள், விளக்குகள் கொடுத்ததோடு, ஓர் ஆண்டுக்கு ஊரைத் தத்தெடுப்பதாகவும் மாதாமாதம் டாக்டர் வருவார் என்றும் அறிவித்தார்.

இன்று காலை ஊர்க்காரர்கள் படம் வைத்துப் பூப்போட்டார்கள். நாயக்கோடு குன்னூர்ப் பக்கத்துப் பென்சன்தாரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பழைய பெரெட் தொப்பியும் கோட்டில் மெடலுமாக வந்திருந்தார்கள். மைக் கிடையாது, பேச்சும் கிடையாது. முடிந்ததும் ஒரு முன்னாள் ராணுவ நர்சிங் உதவியாளர் வீட்டுத் திண்ணையில் பெட்டியைத் திறந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தொடங்கினார். மாதம் ஒருமுறை அவராகவே வருகிறாராம். அன்று தண்ணீர் தூக்கிய பெரியவர் ஒருவருக்கு அழுத்தம் அதிகமாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று அவரைக் கண்டித்த விதத்தில் பட்டாளத்து அதிகாரம் இருந்தது, பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஒரு பாட்டியிடம், அன்று கொடுத்த கம்பளி திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். "அதை யாருப்பா திரும்பக் கேப்பாங்க?" என்றார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி அல்ல, ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மாலையில் வெலிங்டன் சாலை வழியாக நடந்தோம். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இங்கேதான். 1758இல் முதல் பட்டாளம் திரட்டியதிலிருந்து தன் வயதைக் கணக்கிடும் ரெஜிமென்ட் அது. பொதுமக்கள் உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று நாயக் தான் பயிற்சி எடுத்த மைதானத்தைக் காட்டினார். "வீர மதராசி, அடி கொல்லு" என்ற போர் முழக்கத்தை மெல்லச் சொன்னார், குளிரிலும் எனக்குச் சிலிர்த்தது.

டிசம்பர் 9, திங்கள். உதகை, குன்னூர்

நாயக் காலையில் உறையோடு ரெக்கார்டு ஆபீஸுக்குப் போனார். எனக்கு அங்கே வேலையில்லை என்பதால் உதகைக்குப் பஸ் ஏறினேன்.

பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவும் அவர் மனைவி சில்லுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். 1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் குண்டுகள் வயிற்றில் பாய்ந்தும் பிழைத்தவர். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளானபோது, இந்தியத் தரைப்படையின் தலைவர். ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியிருந்தார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94 வயதில் காலமானார். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை. அரசின் சார்பில் வந்தவர் பாதுகாப்புத் துறை இணையமைச்சர். பதினாறு வருடம் ஆகியும் நீலகிரிப் பென்சன்தாரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்கள். எனக்கும் அது நெஞ்சில் குத்துகிறது. ஆனால் அன்று அவரைப் பார்க்க மலைமக்களும் பழைய சிப்பாய்களும் வரிசையில் நின்றதை நாயக் சொல்லியிருந்தார். அவரும் அந்த வரிசையில் நின்றவர்.

உதகையில் அதிக நேரம் இருக்கவில்லை. சீசன் இல்லாத திங்கட்கிழமை, ஏரிக்கரைகூடக் காலியாக இருந்தது. இரண்டு மணிக்குக் குன்னூர் திரும்பினேன்.

நாயக் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். மனுவை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த வருடத்துக்கு இன்னொரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், அதைத் தபாலில் அனுப்பினால் போதும், பெயர்த் திருத்தத்துக்கு இருக்கும் தாள்கள் சரி என்று அங்கே இருந்த இளம் கிளார்க் பொறுமையாக விளக்கினாராம். பெற்றுக்கொண்டதற்குச் சீல் போட்ட சீட்டைப் படமெடுத்து ஹவில்தாருக்கு அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சீல்ல தேதி தெளிவா இல்ல, இன்னொரு போட்டோ எடு," என்றது கம்மவான்பேட்டைக் குரல்.

எடுத்து அனுப்பினார்.

"ம். வந்துச்சு. அந்த அம்மாகிட்ட நான் சொல்லிடறேன். பேனா வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அடுத்த கேஸ் எழுதிக்க. படை எண் சொல்றேன்."

நாயக் ஜீப் பானெட்டில் சிகரெட் அட்டையை விரித்து வைத்து எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார்.